மொத்தம் சரி, பாக்கி யாருடையது?

2016 நவம்பர் 8 என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனதுதான். புதுச்சேரி வியாபாரிகளுக்கு அதே தேதியில் இன்னொரு வேலையும் தொடங்கியது. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால், வாட் வரியில் பதிவு செய்திருந்தவர்களை எல்லாம் புதிய வலைதளத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நாடு முழுவதையும் ஒரே நாளில் ஏற்ற முடியாது என்பதால் மாநிலவாரியாகத் தேதி போட்டார்கள். பட்டியலில் முதலில் நின்றவை புதுச்சேரியும் சிக்கிமும். நவம்பர் 8 முதல் 23 வரை அவகாசம். மகாராஷ்டிரம், குஜராத் எல்லாம் பிறகுதான். சின்ன இடத்தில் கைபழகிக்கொள்ளலாம் என்று நினைத்தார்களோ என்னவோ. நோட்டு மாற்ற வங்கியில் கால்கடுக்க நிற்க வேண்டிய அதே நாட்களில், தற்காலிக ஐ.டி.யும் பாஸ்வேர்டும் வாங்கி வலைதளத்திலும் ஏற வேண்டியிருந்தது.

அந்த வேலையின் சிக்கல் படிவம் நிரப்புவதில் இல்லை. ஒரே கடை அதுவரை பல பட்டியல்களில் பல எண்களோடு இருந்தது. வணிகவரித் துறையில் 34 என்று தொடங்கும் பதினோரு இலக்க டின் எண். சேவை வரி கட்டினால் அதற்கொரு எண். உற்பத்தி செய்தால் கலால் துறையில் மற்றொன்று. இந்த மூன்று பட்டியல்களும் ஒன்றையொன்று அறியாதவை. இவற்றை ஒரே ஆளுடையவை என்று சொல்லக்கூடிய ஒரே பாலம், ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு கட்டத்தில் இருந்த பான் எண். அதனால்தான் புதிய ஜி.எஸ்.டி. எண்ணையே பானைச் சுற்றிக் கட்டினார்கள். பதினைந்து எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, புதுச்சேரிக்கு 34; அடுத்த பத்து பான்; பதிமூன்றாவது, அதே பானில் அந்த மாநிலத்தில் இது எத்தனையாவது பதிவு என்பது; பதினைந்தாவது, தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க உதவும் சரிபார்ப்பு எழுத்து. பழைய வாட் பதிவேட்டில் பான் இல்லாமலோ தப்பாகவோ இருந்தவருக்குத் தற்காலிக ஐ.டி.யே வரவில்லை. வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்தது, வரியும் ஒழுங்காகக் கட்டியிருந்தார். ஒரு கட்டத்தில் இருந்த பத்து எழுத்து சரியில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாட்டுக்கே நடந்த இந்தக் காரியம், சின்ன அளவில் நம் ஊர்க் கடைகளில் அன்றாடம் நடக்கிறது. நேரு வீதியில் ஒரு மொத்த வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல வருடமாக டேலியிலோ, யாரோ ஒரு பையன் எழுதிக்கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேரிலோ கணக்கு ஓடுகிறது. இப்போது மகன் பொறுப்புக்கு வந்து, காரைக்கால் கிளையையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு புது ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேருக்கு மாற்ற வேண்டும் என்கிறார். பார்ட்டி பட்டியல், சரக்குப் பட்டியல், பில், பில்லுக்குள் சரக்குவாரியாக இருக்கும் வரிகள், வரவு ரசீது. ஐந்து அட்டவணை. எக்ஸெலில் இறக்கி, புதியதில் ஏற்றினால் முடிந்தது என்று சாஃப்ட்வேர் விற்றவர் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

ஏற்றியும் விடுவார்கள். மொத்த விற்பனை ஒத்துப்போகும், மொத்த பாக்கி ஒத்துப்போகும், டிரயல் பேலன்ஸ் நயா பைசா பிசகாமல் வரும். ஆடிட்டரும் தலையாட்டுவார். இரண்டு வாரம் கழித்து ஒரு பார்ட்டி போன் செய்து, நான் வாங்காத சரக்குக்குப் பாக்கி காட்டுகிறீர்களே என்பார். இந்த வேலையைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான்: அட்டவணைகளை இடம் மாற்றும்போது தொகை அநேகமாகத் தப்பாது. உறவுதான் தப்பும். உறவு தப்பினால் கூட்டுத்தொகையில் அது தெரியவே தெரியாது. முதலியார் பாக்கி செட்டியார் தலையில் விழுந்தாலும் மொத்தம் அதேதான்.

இதைப் புரிந்துகொள்ள உறவு என்பது கணினிக்குள் எந்த உருவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1960களின் தரவுத்தளங்களில் ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்கு, அது வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரியே இணைப்பாக இருந்தது. வாடிக்கையாளரைப் பிடித்தால்தான் அவர் பில்லுக்குப் போகலாம். பில்லிலிருந்து திரும்பி வர வேறு வழி போட்டிருக்க வேண்டும். எட்கர் காட் என்ற ஆங்கிலேயர், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்தபோது 1970 ஜூனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தரவு எல்லாமே வெறும் அட்டவணைகளாக இருக்கட்டும், ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பும் அட்டவணைக்குள் இருக்கும் மதிப்புகளாலேயே சொல்லப்படட்டும், வட்டில் எது எங்கே கிடக்கிறது என்பது பயன்படுத்துபவருக்குத் தெரியவே வேண்டாம் என்பது அதன் சாரம். 1981இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. இன்றைய வங்கி, ரயில் முன்பதிவு, மூலைக்கடை பில்லிங் எல்லாம் அந்த யோசனையின் வாரிசுகள்.

காட் சொன்னபடி பார்த்தால், பில் அட்டவணையில் பார்ட்டி எண் 118 என்று இருக்கிறது. பார்ட்டி அட்டவணையில் 118 என்று ஒரு வரிசை இருக்கிறது. இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பதுதான் உறவு. அதற்கு மேல் கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. பார்ட்டி பக்கத்தில் இருக்கும் 118ஐ பிரைமரி கீ என்பார்கள். பில் பக்கத்தில் அதைச் சுட்டி நிற்கும் 118ஐ ஃபாரின் கீ. வெறும் எண்களாக இருப்பதால்தான் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு உறவை எளிதாக எடுத்துப்போக முடிகிறது. அதே காரணத்தால்தான் அது சத்தமில்லாமல் அறுந்தும் போகிறது.

எப்படி அறுகிறது என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். பழைய சாஃப்ட்வேரில் 118 ஒரு மளிகைக்காரர், 119 ஒரு ஓட்டல். எப்போதோ கடையை மூடிவிட்டுப் போன ஒரு பார்ட்டியின் எண் 57. அவரை யாரோ அழித்துவிட்டார்கள். எனவே பட்டியலில் 56க்கு அடுத்து 58. புதிய சாஃப்ட்வேருக்குப் பார்ட்டி பட்டியலைக் கொடுத்தால், அது தன் வழக்கப்படி 1, 2, 3 என்று தானே எண் போட்டுக்கொண்டே போகும். பழைய 58 புதிய 57 ஆகிவிடும். அங்கிருந்து எல்லோரும் ஒரு படி இறங்குவார்கள். மளிகைக்காரர் 117, ஓட்டல் 118. அடுத்து பில் அட்டவணை வருகிறது. அதில் பார்ட்டி எண் 118 என்றே இருக்கிறது. கணினி பார்க்கிறது: 118 என்று ஒரு பார்ட்டி இருக்கிறாரா? இருக்கிறார். ஏற்றிக்கொள்கிறது. மளிகைக்காரர் வாங்கிய துவரம்பருப்பு மூட்டை ஓட்டல்காரர் கணக்கில்.

எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஃபாரின் கீ என்ற காவல் இருந்தும் வராது. ஏனென்றால் அந்தக் காவல் கேட்பது "இப்படி ஒருவர் உண்டா" என்று மட்டும்தான். "இவர்தான் அவரா" என்று அதற்குக் கேட்கத் தெரியாது.

பழைய எண்ணையே புதியதிலும் திணித்துவிட்டால் என்ன? ஒரே கடையென்றால் சில சமயம் முடியும். நம் வியாபாரிக்குக் காரைக்கால் கிளை இருக்கிறதே. அங்கேயும் ஒரு 118 இருக்கிறார். அதனால் அனுபவமுள்ளவர்கள் செய்வது வேறு. புதிய பார்ட்டி அட்டவணையில் "பழைய எண்" என்று ஒரு கட்டம் கூடுதலாக வைப்பார்கள். அதில் "புது-118", "காரை-118" என்று ஊர்ப்பெயரோடு எழுதுவார்கள். புதிய எண்ணை சாஃப்ட்வேர் தன்னிஷ்டப்படி போட்டுக்கொள்ளட்டும். பில்லை ஏற்றும்போது அதில் இருக்கும் "புது-118" என்பதை இந்தக் கட்டத்தில் தேடி, பக்கத்தில் இருக்கும் புதிய எண்ணை எடுத்து வைக்க வேண்டும். பில்லின் வரிகளுக்கும் அதே கதை: வரியில் இருக்கும் பழைய பில் எண், பழைய சரக்கு எண் இரண்டையும் இப்படியே மாற்ற வேண்டும். ஓடூ, சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற மென்பொருள்களில் இதற்கென்றே "எக்ஸ்டர்னல் ஐ.டி." என்ற வசதி இருக்கிறது. அது இல்லாத மென்பொருளில் எக்ஸெலில் ஒரு தனி ஷீட்டாவது வேண்டும்: இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. முழு வேலையின் உயிரும் அந்த இரண்டு பத்திகளில்தான்.

எண்ணே எதற்கு, பெயரை வைத்துப் பொருத்திக்கொள்ளலாமே என்று அடிக்கடி கேட்பார்கள். வேறு ஊரில் கேட்டால்கூட ஒரு நியாயம் உண்டு. புதுச்சேரியில் கேட்கக்கூடாது. இங்கே ராமசாமியை பிரெஞ்சு முறையில் எழுதினால் இரண்டு 'எஸ்' வரும். குமார் 'சி'யில் தொடங்கி நடுவில் 'ஓ'வும் 'யூ'வும் சேர்த்துக்கொள்வார். முருகனின் வாலில் ஒரு 'ஈ' தொங்கும். அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரு விதம், மகனின் ஆதாரில் வேறு விதம், கடையின் பெயர்ப்பலகையில் மூன்றாவது விதம். இன்னும் பின்னால் போனால், 1881 செப்டம்பர் 21இல் வந்த பிரெஞ்சு ஆணை, தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களுக்கு வழி திறந்தது. அப்படித் துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லபோர்த்' ஆனது அப்படித்தான். பெயரை மட்டும் வைத்துத் தேடும் கணினிக்கு அவர் இரண்டு ஆள்.

பிரெஞ்சு சிவில் பதிவேடு எழுதியவர்கள் இந்தத் தொல்லையைக் காகிதத்திலேயே சமாளித்தார்கள். ஒருவரின் பிறப்புப் பதிவு எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன எண் என்பது நிலையானது. பின்னால் திருமணம் ஆனால் அந்தப் பிறப்புப் பதிவின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதுவார்கள். பெயர் மாறலாம், பதிவு எண் மாறாது. ஓரக் குறிப்பு ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கைகாட்டும். காட் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மை தொட்டு எழுதிய ஃபாரின் கீ என்று எனக்குத் தோன்றும்.

செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பிலும் இதே ஒழுங்கைப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பிற இடங்களிலும் சேகரித்த இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தாவரத் தாள்கள் அங்கே உள்ளன. தாவரவியலில் பெயர் மாறுவது சகஜம். நேற்று ஒரு பேரினத்தில் இருந்த செடியை இன்று வேறொன்றில் சேர்ப்பார்கள். தாளின் எண் அப்படியே இருக்கும், புதிய பெயர் எழுதிய சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவார்கள். பழைய சீட்டைக் கிழிக்க மாட்டார்கள். உலகமெங்கும் உள்ள இத்தகைய தொகுப்புகள் தங்கள் தரவைப் பரிமாறிக்கொள்ள 'டார்வின் கோர்' என்ற பொது முறையைப் பின்பற்றுகின்றன. அதில் நடுவே ஒரு மைய அட்டவணை இருக்கும். படம், அளவு, அடையாளம் கண்டவர் போன்ற துணை அட்டவணைகளின் ஒவ்வொரு வரியும் மைய அட்டவணையின் எண்ணைச் சுமந்துகொண்டு வர வேண்டும். பெயரைச் சுமந்து வந்தால் ஏற்க மாட்டார்கள்.

பெயர் போகட்டும், முகவரி? அதிலும் புதுச்சேரி தனி ரகம். நேரு வீதி பழைய பத்திரத்தில் துய்ப்ளே வீதி. லால் பகதூர் சாஸ்திரி வீதியைப் பெரியவர்கள் இன்றும் புஸ்ஸி வீதி என்றே சொல்வார்கள். ஆனால் உண்மையான கண்ணி பின்கோடில் இருக்கிறது. பழைய கணக்கில் மாநிலம் என்ற கட்டம் காலியாக இருந்தால், இறக்கும்போது பின்கோடை வைத்து மாநிலத்தை நிரப்பிவிடலாம் என்று ஒரு யோசனை வரும். 605 என்றால் புதுச்சேரி என்பார்கள். ஆரோவில் 605101, கோட்டக்குப்பம் 605104. இரண்டு அஞ்சலகமும் தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில். மாறாக, புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் பகுதியான ஏனாமின் பின்கோடு 533464, ஆந்திர வரிசை. மாஹே 673310, கேரள வரிசை.

இதனால் என்ன வந்தது என்றால், வரி வந்தது. புதுச்சேரி வியாபாரி முத்தியால்பேட்டையைத் தாண்டி கோட்டக்குப்பத்துக்குச் சரக்கு அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம், ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாமுக்கு அனுப்பினால் அதே ஒன்றியப் பிரதேசத்துக்குள் விற்றதாகக் கணக்கு, சி.ஜி.எஸ்.டி. பாதி, எஸ்.ஜி.எஸ்.டி. பாதி. பார்ட்டிக்கும் மாநிலத்துக்கும் உள்ள உறவு தரவை ஏற்றும்போது பிசகினால் இரண்டும் தலைகீழாகும். 18 சதவீதம் என்பது 18 சதவீதமாகவே இருக்கும், ஒன்பதும் ஒன்பதுமாக இருக்க வேண்டியது மொத்தமாக ஒரே தலைப்பில் போயிருக்கும். மறுபடியும் மொத்தம் சரி. சட்டம் இதை மொத்தமாகப் பார்ப்பதில்லை: தவறான தலைப்பில் கட்டியதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள், சரியான தலைப்பில் புதிதாகக் கட்டு என்கிறது. வட்டி இல்லை என்பது மட்டும் ஆறுதல். பதிவு பெற்ற பார்ட்டி என்றால் பின்கோடை நம்பாமல் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்ப்பதே உத்தமம். 33 தமிழ்நாடு, 34 புதுச்சேரி.

அப்படியானால் ஜி.எஸ்.டி. எண்ணையே பார்ட்டியின் அடையாளமாக வைத்துக்கொள்ளலாமா? ஆசையாகத்தான் இருக்கும், அரசாங்கமே தந்த எண். ஆனால் தனிநபர் வியாபாரத்தில் பான் என்பது முதலாளியுடையது, கடையுடையதல்ல. தந்தை இறந்து மகன் கடையை ஏற்றால் பான் மாறும், ஜி.எஸ்.டி. எண்ணும் மாறும். அதே பலகை, அதே கல்லா, சட்டத்தின் கண்ணில் புதிய ஆள். மீதமிருக்கும் உள்ளீட்டு வரியைக்கூட அதற்கென்று உள்ள ஐ.டி.சி. 02 படிவம் மூலம்தான் மாற்ற வேண்டும். பழைய பில்கள் பழைய எண்ணோடு இருக்க வேண்டும், பாக்கி மட்டும் ஒரே குடும்பத்தின் கணக்காகத் தொடர வேண்டும் என்று வியாபாரி எதிர்பார்ப்பார். வெளியிலிருந்து வரும் எந்த எண்ணும் என்றைக்காவது மாறும். அதனால் உள்ளே அர்த்தமில்லாத ஒரு வெற்று எண்ணை அடையாளமாக வைத்து, ஜி.எஸ்.டி. எண்ணை மற்றக் கட்டங்களில் ஒன்றாக வைப்பதே நடைமுறை.

இனி ஏற்றும் வரிசை. டேலியில் வேலை பார்க்கும் எவருக்கும் இது தெரிந்ததுதான்: பார்ட்டி, சரக்கு போன்ற மாஸ்டர் முதலில், பில், ரசீது போன்ற வவுச்சர் பிறகு. லெட்ஜர் இல்லாமல் வவுச்சரை ஏற்றினால், இந்த லெட்ஜர் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிடும். பொதுவாகச் சொன்னால், யாரையும் சுட்டாதவை முதலில், அவர்களைச் சுட்டுகிறவை பிறகு. மாநிலம், பார்ட்டி, சரக்கு, பில், பில் வரி, ரசீது. சரக்குப் பட்டியல்போலத் தன்னையே சுட்டும் அட்டவணைதான் கொஞ்சம் இடக்கு செய்யும்: பருப்பு வகையின் கீழ் துவரை, மளிகையின் கீழ் பருப்பு வகை என்று ஒரே அட்டவணைக்குள் அடுக்கு. டேலியின் கணக்குத் தலைப்புகளும் அப்படித்தான். அதில் தயாராக இருக்கும் 28 குரூப்புகளில் 15 முதன்மையானவை, 13 அவற்றின் கீழ் வருபவை. இத்தகையதை இரண்டு நடையாக ஏற்றுவார்கள். முதல் நடையில் "எதன் கீழ்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டு எல்லோரையும் உள்ளே கொண்டுவந்து, இரண்டாம் நடையில் அந்தக் கட்டத்தை நிரப்புவது.

வரிசை பார்க்கச் சோம்பல்பட்டவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு, மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளங்களில் ஒரே வரிக் கட்டளை: ஃபாரின் கீ சோதனையை நிறுத்தி வை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் பிறகு சோதனையைத் திரும்ப இயக்குவார்கள். பலருக்குத் தெரியாதது, திரும்ப இயக்கும்போது அது ஏற்கெனவே உள்ளே வந்ததைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இனி வருவதை மட்டும்தான் சோதிக்கும். முழுத் தரவுத்தளத்தையும் அப்படியே நகலெடுத்து வைக்கும்போது இந்தக் கட்டளைக்கு நியாயம் உண்டு. எக்ஸெலில் கைபட்ட தரவை ஏற்றும்போது இல்லை என்பது என் கட்சி. இன்னும் மோசமான ஒரு விஷயம்: மைஎஸ்க்யூஎல்லில் 2010 வரை இயல்பாக இருந்த மைஐசம் என்ற சேமிப்பு முறை, ஃபாரின் கீ என்று எழுதினால் மறுப்பு சொல்லாமல் வாங்கிக்கொண்டு, அதைச் செயல்படுத்தாமலே விட்டுவிடும். அந்தக் காலத்து பில்லிங் சாஃப்ட்வேர்கள் பலவற்றில் பார்ட்டி அழிந்த பிறகும் அவர் பில்கள் அநாதையாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புதிய தரவுத்தளம் "தகராறு செய்கிறது" என்று ஆபரேட்டர் அலுத்துக்கொள்ளும்போது, பழையது இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததைத்தான் அது வெளியே எடுத்துப் போடுகிறது.

நடுவில் வரும் எக்ஸெலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதுச்சேரி எஸ்.டி.டி. குறியீடு 0413, எக்ஸெல் அதை எண்ணாக நினைத்து 413 ஆக்கிவிடும். தொலைபேசியில் பூஜ்யம் போனால் பரவாயில்லை. சரக்கு எண் 00712 என்பது 712 ஆகிவிட்டால், பில் வரியில் இருக்கும் 00712க்கு ஜோடி கிடையாது. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே 2020இல் எக்ஸெலிடம் தோற்று, மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாக மாறிக்கொண்டிருந்த மரபணுப் பெயர்களை மாற்றி வைத்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, பழைய எக்ஸெல் வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது என்பதைக் கவனிக்காததால் 15,841 கோவிட் நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் ஏறாமல் போனது. இவற்றையெல்லாம்விட எளிமையான, நம் ஊரில் அதிகம் நடக்கும் விபத்து: ஒரே பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்துவது. பெயர்கள் அழகாக வரிசையில் நிற்கும், பக்கத்தில் இருந்த எண்கள் பழைய இடத்திலேயே நிற்கும். ஒரு சொடுக்கில் அத்தனை உறவும் குலைந்துவிடும், மொத்தம் மட்டும் மாறாது.

ஏற்றுவது ஒரே தடவையில் முடிவதும் அபூர்வம். பாதியில் மின்சாரம் போகும், இல்லையென்றால் பத்துப் பார்ட்டியின் விவரம் தப்பென்று தெரியவரும். மறுபடி ஏற்றும்போது ஏற்கெனவே இருப்பவரை என்ன செய்வது? டேலி மூன்று வழி தருகிறது: இருப்பதை விட்டுவிடு, புதியதால் மாற்று, ஓப்பனிங் பேலன்ஸைச் சேர். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து ஒரே கோப்பை இரண்டு முறை ஏற்றினால் எல்லோர் பாக்கியும் இரட்டிக்கும். மைஎஸ்க்யூஎல்லின் "ரீப்ளேஸ்" கட்டளை இன்னும் விஷமம். அது மாற்றுவதில்லை, பழையதை அழித்துவிட்டுப் புதியதாக எழுதும். பார்ட்டி அழிந்தால் அவர் பில்களும் அழியட்டும் என்று ஃபாரின் கீயில் எழுதி வைத்திருந்தால், ஒரு பார்ட்டியின் போன் நம்பரைத் திருத்தப்போய் அவருடைய மூன்று வருட பில்கள் காணாமல் போகும். பழைய எண் என்ற அந்தக் கட்டம் இருந்தால் இங்கேயும் காப்பாற்றும். அதே பழைய எண் ஏற்கெனவே இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர் என்று சொல்லிவிடலாம். எத்தனை தடவை ஏற்றினாலும் விளைவு ஒன்றே.

கடைசியில் சரிபார்ப்பு. மொத்தத்தைப் பார்க்காதே என்று சொல்லிவிட்டேன்; பிறகு எதைப் பார்ப்பது? முதலில் அநாதைகள்: பார்ட்டி இல்லாத பில், பில் இல்லாத வரி. இவை பூஜ்யமாக இருக்க வேண்டும். அடுத்து ஒவ்வொரு பில்லின் தலைத்தொகையும் அதன் வரிகளின் கூட்டுத்தொகையும். வரிகள் பில் மாறியிருந்தால் இங்கே மாட்டும். அப்புறம்தான் முக்கியமானது: பழைய சாஃப்ட்வேரில் பார்ட்டிவாரியாகப் பாக்கிப் பட்டியல் ஒன்று, புதியதில் ஒன்று, பழைய எண்ணை வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் வித்தியாசம் பூஜ்யமா என்று பார்ப்பது. ஓட்டல் கணக்கில் விழுந்த துவரம்பருப்பு மூட்டை அந்தப் பட்டியலில் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் தெரியும், ஒருவருக்குக் குறைவாக, இன்னொருவருக்கு அதே தொகை கூடுதலாக. குறைவும் கூடுதலும் சமமாக இருந்தால் பணம் தொலையவில்லை, ஆள் மாறியிருக்கிறது என்று அர்த்தம். மாஸ்டரில் எங்கேயோ எண் நழுவியிருக்கிறது என்று உடனே தேடலாம்.

எல்லாம் சரியாக வந்த பிறகும் திங்கட்கிழமை காலை முதல் பில் போடும்போது ஒரு தகராறு வரலாம். பழைய பில்களை அவற்றின் எண்ணோடே ஏற்றியிருந்தால், தானாக எண் போடும் எந்திரத்துக்கு அது தெரிந்திருக்காது; போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளங்களில் அது ஒன்றிலிருந்து தொடங்கி, ஏற்கெனவே இருக்கும் பில்லோடு மோதும். கடைசி எண் எது என்று அதற்கு ஒரு வரியில் சொல்லி வைக்க வேண்டும். பழைய எண், புதிய எண் ஜோடி ஷீட்டை மட்டும் வேலை முடிந்ததென்று அழித்துவிடக் கூடாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். அதற்குள் எப்போது நோட்டீஸ் வந்தாலும் அதில் இருக்கப்போவது பார்ட்டிக்குப் போன பழைய காகித பில்லின் எண்தான்.